புறங்கால் உயரமா? டெர்பி ஷூவைப் போட்டுப் பாருங்கள்

கேள்வி: வேலூரில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேரப் போகிறேன். லேஸ் வைத்த கறுப்பு ஷூ வாங்க ஆம்பூர் போனேன். ஒரே சைஸில் இரண்டு மாடல் காட்டினார்கள். ஒன்று புறங்காலில் இறுக்கிப் பிடித்தது, லேஸ் கட்டினாலும் நடுவில் அகலமாக இடைவெளி. மற்றது சுகமாக இருந்தது. ஆனால் ஆபீசுக்கு முதலாவதுதான் சரி என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது? – வாசகர், குடியாத்தம்

பதில்: சுகமாக இருந்ததையே வாங்குங்கள். அதன் பெயர் டெர்பி. இறுக்கியது ஆக்ஸ்ஃபோர்டு.

லேஸ் ஓட்டைகள் உள்ள இரண்டு பக்கத் தோலும் எங்கே தைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அது முன்பக்கத் தோலுக்கு அடியில் போய் மூடிக்கொள்ளும். லேஸை எவ்வளவு தளர்த்தினாலும் கீழ்முனை ஓரளவுக்கு மேல் திறக்காது. டெர்பியில் அதே தோல் முன்பக்கத் தோலின் மேல் உட்கார்ந்திருக்கும். லேஸைத் தளர்த்தினால் பட்டன் கழற்றிய சட்டை மாதிரி இரண்டு பக்கமும் விரியும். புறங்கால் உயர்ந்தவர்களுக்கும், நாள் முழுக்க நின்று சாயங்காலம் கால் வீங்குகிறவர்களுக்கும் அந்த விரிவுதான் நிம்மதி. இதன் நெருங்கிய உறவான இன்னொரு மாடலுக்கு, 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை எதிர்த்து நின்ற பிரஷ்யத் தளபதி புளூகரின் பெயர்தான் இன்றும் வழங்குகிறது.

கடைக்காரர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கோட்டு சூட்டுக்கு ஆக்ஸ்ஃபோர்டுதான் முதல் மரியாதை. ஆனால் வங்கியில் பேன்ட் சட்டைக்கு, வேலைப்பாடு இல்லாத கறுப்பு டெர்பி தாராளமாகப் போதும். தோலில் பூப்போலத் துளைகள் போட்டிருந்தால் அது புரோக் வேலைப்பாடு. இரண்டு மாடலிலும் வரும், பொருத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்குங்க, சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சைஸ் கூடினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும். புறங்கால் இறுக்கம் கொஞ்சம் குறையலாம், ஆனால் நடக்கும்போது குதிகால் கழன்று கழன்று வரும், தோலும் உரியும். புது ஆக்ஸ்ஃபோர்டில் லேஸ் கட்டிய பிறகு சிறு இடைவெளி இருப்பது நல்லதே, போகப்போகத் தோல் இளகி அது மூடும். ஒரு விரல் அகலத்துக்கு மேல் இருந்தால் அந்த ஷூ உங்கள் காலுக்கு ஆகாது.

சாயங்காலம் போங்கள், ஆபீசுக்குப் போடப்போகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு. இரண்டு காலிலும் மாட்டிக் கடைக்குள் நடந்து பாருங்கள். எக்ஸ்போர்ட் சரக்கில் ஐரோப்பிய எண் இருக்கும்: நம் 8, அங்கே ஏறக்குறைய 42.

அப்புறம் தோல். பாலாற்றங்கரை முழுக்கத் தோல் வேலை நடக்கிற ஊரில் இருந்துகொண்டு ரெக்சின் ஷூ வாங்கிப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. முன்பக்கத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். மெல்லிய சுருக்கங்கள் ஓடி, விரலை எடுத்ததும் மறைந்தால் நல்ல தோல். பிளாஸ்டிக் பூச்சு கனமாக ஏற்றியிருந்தால் அந்த நுண்சுருக்கம் தெரியாது. உள் லைனிங்கும் தோலாக இருக்கட்டும். வேலூர் வெயிலில் வியர்வையை உறிஞ்ச அது வேண்டும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஈரம் காய நிழலே போதும், வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்.