வாங்காத கடைக்கும் ஒரு புள்ளி

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருமங்கலத்தில் அப்பளம், வடகம், வத்தல் மொத்த வியாபாரம் செய்கிறேன். இரண்டு குட்டியானை வண்டிகள், சரக்குப் போடப் போகும் பாதைகளாக நான்கு லைன், முந்நூறு கடைகளுக்கு மேல். கணக்கு முழுக்க எக்செல்லில் இருக்கிறது. "இதைத் தொட்டால் விவரம் சொல்லும் மேப்பாகப் போட்டால் வியாபாரம் கண்ணுக்குத் தெரியும்ப்பா" என்கிறாள் கல்லூரியில் படிக்கும் மகள். ஊர் ஊராகச் சுற்றியே வளர்ந்த எனக்கு மேப் எதற்கு? போடுவதென்றால் செலவில்லாமல் எப்படி?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: மகள் சொல்வதைக் கேளுங்கள் ஐயா. உங்களுக்கு ஊர்கள் மனப்பாடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனப்பாடமாக இருப்பவை நீங்கள் போகிற ஊர்கள். போகாத ஊர் நினைவிலும் நிற்காது, எக்செல்லிலும் வராது. பில் போட்டால்தானே அங்கே ஒரு வரி விழும்?

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு காப்பித்தூள் கடையில் பல வருஷம் கணக்கு எழுதியவள் நான். எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை மேலூர் லைன், வியாழக்கிழமை நத்தம் ரோடு லைன். முதன்முதலாகக் கடைகளையெல்லாம் மேப்பில் புள்ளிகளாக வைத்தபோது, மேலூர் ரோட்டை ஒட்டி ஒரு வரிசை, நத்தம் ரோட்டை ஒட்டி ஒரு வரிசை, நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் அழகர்கோவிலும் அ.வல்லாளப்பட்டியும் இருந்தன. வல்லாளப்பட்டி ஒரு பேரூராட்சி, அங்கே மளிகைக் கடைக்கா பஞ்சம்? மேலூர் லைன் பார்த்தவர் அது நத்தம் லைனில் சேர்ந்தது என்று நினைத்திருந்தார். நத்தம் பார்த்தவர் மேலூர்க்காரர் போகிறார் என்று இருந்துவிட்டார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. மாதாமாதம் அந்தக் கணக்கைக் கூட்டிய எனக்கும் தெரியவில்லை. இல்லாத வரியை யார் கூட்ட முடியும்?

உங்கள் பக்கத்தில் எழுமலை அப்படி விட்டுப்போகக்கூடிய ஊர். அது உசிலம்பட்டி லைனா, பேரையூர் லைனா? உங்கள் ஆட்களிடம் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், உங்களிடம் வாங்கும் கடைகளை மட்டும் மேப்பில் வைத்தால் பாதி வேலைதான் நடக்கும். வாங்காத கடைக்கும் ஒரு புள்ளி வையுங்கள், சாம்பல் நிறத்தில். முன்பு வாங்கி இப்போது நிறுத்திவிட்ட கடைக்குச் சிவப்பு. தொடர்ந்து வாங்குகிற கடைக்குப் பச்சை. இந்த மூன்று நிறம் போதும். ஏழெட்டு நிறம் வைத்தால் பார்க்க ரங்கோலி மாதிரி இருக்கும், எந்த நிறம் எதற்கு என்று மறந்துபோகும்.

உண்மையில் சிரமமான வேலை, கடை எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகப் பிடிப்பதுதான். ஊர்ப் பெயரை மட்டும் கொடுத்துக் கம்ப்யூட்டரையே கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள். நம் பக்கம் எத்தனை புதூர், எத்தனை கோவில்பட்டி! பின்கோடும் கைகொடுக்காது. ஒரே பின்கோடில் பல கிராமங்கள் அடங்கும், அத்தனை கடையும் ஒரே புள்ளியில் போய்க் குவியும். 625 என்று ஆரம்பித்தாலே மதுரை மாவட்டம் என்றும் நினைக்க வேண்டாம். உசிலம்பட்டி 625532, தேனி 625531. எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம், இரண்டுக்கும் நடுவே ஆண்டிப்பட்டிக் கணவாய் இருக்கிறது. தேனி 1996 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தது. பின்கோடு பழையபடியே நிற்கிறது.

நல்ல வழி ஒன்றுதான். லைன் போகிறவர் கடை வாசலில் நின்று, கூகுள் மேப்பில் தான் நிற்கும் இடத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். அதை அப்படியே வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அது 9.9195, 78.1193. முன்னால் இருப்பது அட்சரேகை, பின்னால் இருப்பது தீர்க்கரேகை. எக்செல்லில் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். இடம் மாற்றிப் போட்டால் கடை வடதுருவத்துப் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு அருகே கடலுக்குள் போய் உட்கார்ந்துவிடும். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் இருந்தால் பதினோரு மீட்டர் வரை துல்லியம் கிடைக்கும், அது போதும்.

இதை ஆரம்பிக்கும் முன் லைன் ஆட்களை உட்காரவைத்து எதற்காக என்று சொல்லிவிடுங்கள். எங்கள் கடையில் சொல்லாமல் ஆரம்பித்தார்கள். தங்களை வேவு பார்க்கிறார்கள் என்று அவர்கள் மனம் நொந்துபோனார்கள். ஊரைத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். வாங்காத கடைகளின் பட்டியலும் அவர்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

அப்புறம் மேப் போடுவது ஒரு மணி நேர வேலை. கூகுள் மை மேப்ஸ் இலவசம். கம்ப்யூட்டரில் திறந்து, எக்செல் கோப்பை ஏற்றி, எந்தப் பத்தியில் இடம் இருக்கிறது, எதைப் பெயராகக் காட்ட வேண்டும் என்று சொன்னால் போதும். ஒரு லேயருக்கு (மேப்பின் ஓர் அடுக்குக்கு) 2,000 வரிகள், மொத்தம் 10 லேயர்கள் வரை கொள்ளும். லைனுக்கு ஒரு லேயர் வைத்தால், உசிலம்பட்டி லைனை மட்டும் காட்டு, மற்றதை மறை என்று டிக் போட்டுப் பார்க்கலாம். "நிலை" என்று ஒரு பத்தி வைத்து, அதில் வாங்குகிற கடையா, நிறுத்திய கடையா, வாங்காத கடையா என்று எழுதி, அதன்படி நிறம் மாறச் சொல்லுங்கள். எக்செல்லை மாற்றினால் மேப் தானாக மாறாது, மாதம் ஒருமுறை திரும்ப ஏற்ற வேண்டும்.

புள்ளியைத் தொட்டால் கடைப் பெயர், மூன்று மாதச் சராசரி, கடைசியாகப் போன தேதி இவை வந்தால் நிறைவு. கடன் பாக்கியை மட்டும் ஏற்றவே ஏற்றாதீர்கள். லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம் என்று வைத்துவிட்டால் அது எந்த போனுக்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. கடைக்காரருக்குத் தன் பாக்கி இன்னொருவருக்குத் தெரிவது மானப் பிரச்சினை. அது உங்கள் நோட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ஆன்லைனில் சுங்குடிச் சேலை விற்கிறோம். மாவட்ட வாரியாக நிறம் போட்ட மேப் செய்தோம். எப்போது பார்த்தாலும் சென்னைதான் அடர் நிறம். இதில் என்ன தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மொத்த விற்பனையை வைத்து நிறம் போட்டால் ஜனத்தொகை மேப்தான் கிடைக்கும். 2011 கணக்கெடுப்பில் சென்னை 46 லட்சம், மதுரை 30 லட்சம், தேனி 12 லட்சம். லட்சம் பேருக்கு எத்தனை சேலை என்று வகுத்து, அந்த எண்ணுக்கு நிறம் கொடுங்கள். தேனி சென்னையை முந்தியிருந்தாலும் இருக்கும்.

மாவட்ட எல்லைகளுக்காக நீங்கள் இறக்கிய மேப் கோப்பில் எத்தனை மாவட்டங்கள் என்று எண்ணினீர்களா? 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, 2020-ல் மயிலாடுதுறை எனப் பிரிந்து இப்போது 38. பழைய கோப்பில் 32தான் இருக்கும். அப்படியானால் தென்காசிக்குப் போன சேலைகள் எந்த மாவட்டத்திலும் விழாமல் நிற்கும். மேப்பில் உள்ளதைக் கூட்டி, உங்கள் பில் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள்.