லெதரா, துணியா? வன்னி வெயிலுக்கும் புழுதிக்கும் ஏற்ற வாகன சீற்

வாகன சீற்றுக்குத் தோல் போடுவதா, துணி போடுவதா, றெக்சின் போடுவதா என்று வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு, கிளிநொச்சியில் குஷன் வேலை செய்பவர் ஒருவர் எழுதிய பதில்கள்.

கிளிநொச்சி: அண்ணை, எங்களிட்டை பழைய அல்ட்டோ ஒண்டு நிக்குது. 2020 இல இறக்குமதியை நிப்பாட்டினதோட வேற வாகனம் எடுக்கிற யோசனையை விட்டிட்டம். 2025 இல திரும்பத் திறந்தாலும் விலை எங்களுக்குக் கட்டாது. இருக்கிறதைத் திருத்தி ஓடுவம் எண்டு சீற் மாத்தப் போனா, கடையில "லெதர்" எண்டு ஒண்டைக் காட்டி நல்லது எண்டினம். போடலாமோ?

காட்டியது உண்மையில் தோலா என்று முதலில் பாருங்கள். கடைகளில் லெதர் என்ற ஒரே பெயரில் நாலு சாமான் போகிறது: மாட்டுத் தோல், பிவிசி றெக்சின் (துணியில் பிவிசி பிளாஸ்ரிக் பூசியது), பியூ (துணியில் பொலியூரிதேன் பூசியது), மைக்ரோபைபர் (மிக மெல்லிய செயற்கை நாரில் செய்தது). தோல் றோலாக வராது. ஒழுங்கில்லாத வடிவில், ஒரு மாட்டின் தோல் ஏறக்குறைய 45 முதல் 55 சதுர அடி வரும், விலையும் சதுர அடிக் கணக்கில்தான். 54 அங்குல அகல றோலை விரித்து மீற்றர் கணக்கில் வெட்டித் தந்தால் அது தோல் இல்லை. துண்டைத் திருப்பியும் பாருங்கள். பின்பக்கம் நார் நாராக, மிருதுவாக இருந்தால் தோலாக இருக்கலாம். பின்னல் துணி தெரிந்தால் றெக்சின் அல்லது பியூ. மைக்ரோபைபரின் பின்பக்கமும் தோல் போலத்தான் இருக்கும், ஆனால் அது றோலில் வரும்.

இந்த நாலிலும் நான் வேண்டாம் என்று சொல்வது மலிவான பியூவை. தொட மிருதுவாக, பார்க்க அழகாக இருக்கும். சூடும் ஈரப்பதனும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல் முறையில் உடைந்து, சில வருடத்திலேயே செதில் செதிலாக உரியத் தொடங்கும். உரிந்த பியூவைத் திருத்த வழியில்லை, கழற்றி எறிய வேண்டியதுதான்.

உங்கள் அல்ட்டோ பகலில் வெளியில், வெயிலில் நிற்கும் வாகனம் என்றால் என் தெரிவு துணி. நெருக்கமாக நெய்த பொலியெஸ்டர், அடியில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் ஸ்பொஞ்ச் ஒட்டிய வாகனத் துணி. ஸ்பொஞ்ச் ஒட்டாத வெறுந்துணி சுருங்கி மடியும். வீட்டுக் கதிரைக்குப் போடும் துணியைத் தந்தால் வாங்காதீர்கள், வெயிலுக்கு நிறம் வெளிறிவிடும்.

துணுக்காய்: எங்கட வீதி முழுக்கக் கிரவல். கண்ணாடியைப் பூட்டினாலும் புழுதி உள்ளுக்க வருது. துணி போட்டா சிவப்பாப் போகாதோ?

கவனிக்காவிட்டால் போகும். துணி சீற் கெடுவது பெரும்பாலும் புழுதியாலல்ல, புழுதியோடு ஈரத்துணியால் துடைப்பதால். நனைந்த செம்புழுதி சேறாகி நூலுக்குள் இறங்கிக் கறையாக நின்றுவிடும். ஆகவே முதலில் காய்ந்தபடியே கைத்தூரிகையால் கிளப்பி, வாக்குவம் பிடிக்க வேண்டும். தையல் ஓரத்தையும், சாய்மானமும் இருக்கையும் சேரும் இடுக்கையும் விடக்கூடாது. கிரவல் வீதியில் நாளாந்தம் ஓடுபவர் கிழமைக்கு ஒருதரம் இதைச் செய்தால் போதும். கழுவ வேண்டி வந்தால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி திரவ சவர்க்காரம் கலந்து, நுரையை மட்டும் எடுத்துத் தேய்த்து, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீரை ஊற்றினால் உள் ஸ்பொஞ்ச் குடித்துவிடும், காய நாலைந்து நாள் பிடிக்கும்.

மயிருள்ள வெல்வெட் வகை வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் இரண்டுமே புழுதியைக் காட்டும். மண்ணிறம் கலந்த சாம்பல் நல்லது.

தோலுக்குப் புழுதி ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம். ஏறி இறங்கும்போது மணல் துணிக்கை அரத்தாள் போல மேற்பூச்சைத் தேய்க்கும். துளை போட்ட தோலென்றால் துளைக்குள்ளும் அடையும்.

புதுக்குடியிருப்பு: அண்ணை, ஓட்டோவுக்குப் புது றெக்சின் போட்டு ஒரு வருசம் ஆகேல்லை, தையல் வழியா நீட்டுக்குக் கிழிஞ்சிட்டுது. சாமான் கூடாதோ, தைச்சது கூடாதோ?

தையல் வழியே நேர்கோடாகக் கிழிந்தால் பெரும்பாலும் தைத்ததில்தான் பிழை. காரணம் மூன்று.

ஒன்று, தையல் நெருக்கம். றெக்சினில் ஒரு தையல் 4 முதல் 5 மில்லிமீற்றர் நீளம் இருக்க வேண்டும். சட்டை தைப்பது போல 2 மில்லிமீற்றரில் தைத்தால் ஓட்டை ஓட்டையாக வரிசை விழுந்து, தபால் முத்திரைத்தாள் கிழிவது போல் கிழியும். இரண்டாவது, ஊசி. தோலுக்கு வரும் வெட்டுமுனை ஊசியை றெக்சினுக்குப் போட்டால் அடித்துணியின் நூலை அறுத்துக்கொண்டு போகும். றெக்சினுக்கு உருண்டை முனை, 18 ஆம் நம்பர். மூன்றாவது, நூல். பருத்தி நூல் வியர்வையிலும் மழையிலும் உக்கும். நைலோன் நூல் பலம், ஆனால் நேர் வெயிலில் பலம் குறைந்துவிடும். இரண்டு பக்கமும் திறந்த ஓட்டோவுக்குப் பிசின் பூசிய பொலியெஸ்டர் நூல்தான் சரி.

தையலுக்கு வெளியே குறைந்தது 12 மில்லிமீற்றர் விட்டு, மடிப்பை ஒரு பக்கம் படுக்க வைத்து மேலால் இன்னொரு தையல் ஓட்டச் சொல்லுங்கள். இழுவை இரண்டு தையலுக்கும் பகிரும்.

தையலுக்கு அப்பால், நடுவில் வெடித்திருந்தால் அது சாமானின் முதுமை. பிவிசியை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சேர்வை சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறும், மிஞ்சுவது மொறுமொறுப்பு. மண்ணெண்ணெயாலும் தினராலும் துடைப்பவர்கள் அதை இன்னும் கெதியாக வெளியேற்றுகிறார்கள். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

முல்லைத்தீவு: கடற்கரையில இருந்து மீன் ஏத்துற கெப். ஈரச் சாறத்தோடதான் ஏறி இருக்கிறம். என்ன போடலாம்?

றெக்சின். வேறெதையும் யோசிக்க வேண்டாம். 1 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பு, இருக்கும் இடத்தில் முடிந்தவரை தையல் குறைவான வடிவம். தையல் இருக்கும் இடமெல்லாம் உப்புத்தண்ணீர் இறங்கும். உள்ளே போன உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஸ்பொஞ்ச் காய்ந்தது போல் இருந்தாலும் அடி இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும். சீற்றைக் கழற்றித் தைக்கும்போதே சட்டத்தைச் சுரண்டித் துருத்தடுப்புப் பெயின்ற் அடிப்பியுங்கள். ஸ்பொஞ்சுக்கும் றெக்சினுக்கும் நடுவில் தடித்த பொலித்தீன் தாள் ஒன்று விரிக்கலாம். இருக்கையில் மட்டும் போதும், சாய்மானத்துக்குத் தேவையில்லை.

துணி சீற்றில் ஏற்கனவே மீன் தண்ணீர் ஊற்றுப்பட்டிருந்தால் சுடுதண்ணீர் தொடக்கூடாது, புரதம் இறுகி வெடில் நிரந்தரமாகும். குளிர்ந்த தண்ணீரும் நொதியம் உள்ள சலவைத்தூளும் பாவித்து ஒற்றி எடுத்து, காய்ந்தபின் அப்பச்சோடா தூவி ஓரிரவு விட்டு வாக்குவம் பிடியுங்கள்.

வவுனியா: டொயோட்டா அக்வா ஹைபிரிட் வைச்சிருக்கிறன். மேலால கவர் போட்டா காணும்தானே? துணி, லெதர் எண்டு ஏன் கழட்டித் தைப்பான்?

போடலாம், ஆனால் இரண்டு இடத்தைக் கட்டாயம் பாருங்கள்.

பின் சீற்றின் அடியில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கிறது. ஹைபிரிட் பற்றரியைக் குளிராக்கும் விசிறி அதன் வழியாகத்தான் காரின் உட்காற்றை இழுக்கிறது. கவரின் தொங்கல் அதை மூடினால், அல்லது அதன் முன்னால் பை, சாமான் வைத்தால், பற்றரி சூடேறி ஆயுள் குறையும். எங்கள் புழுதிக்கு அந்தத் துவாரத்தின் வலையையும் அடிக்கடி துடைக்க வேண்டும். பிரியஸின் பழைய மாடல்களில் இதே துவாரம் பின் சீற்றின் பக்கத்தில் இருக்கும். பற்றரியின் விலை தெரிந்த எவரும் இதை அலட்சியம் செய்யமாட்டார்கள்.

அடுத்தது எயார்பாக், விபத்தில் ஊதி விரியும் காற்றுப் பை. முன் சீற் சாய்மானத்தின் கதவுப் பக்க ஓரத்தில் எயார்பாக் என்று சிறு அடையாளம் இருந்தால், பை அந்த ஓரத் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும். முழுக்கச் சுற்றி இறுக்கும் கவர் அதை மறிக்கும். கழற்றித் தைப்பவரும் அந்தத் தையலை மற்றத் தையல்போல் தடித்த நூலில் போடக்கூடாது. அந்தப் பக்கத் துண்டை மட்டும் பழையபடி விட்டு மற்றதை மாற்றுவதே பாதுகாப்பு. சீற் கழற்றும்போது அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது எயார்பாக்குக்குரியது. 12 வோல்ற் பற்றரியின் மைனஸ் முனையைக் கழற்றி, 90 விநாடி கழித்துத்தான் அதைத் தொட வேண்டும் என்பது டொயோட்டாவின் அறிவுறுத்தல். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நட்டமில்லை.

மாங்குளம்: உண்மையான லெதர் சீற். சாரதிப் பக்க விளிம்பு வெடிச்சிருக்கு. தேங்காய் எண்ணெய் பூசினா மிருதுவாகும் எண்டினம்.

பூச வேண்டாம். வாகனத் தோலின் மேல் நிறப்பூச்சும் காப்புப்பூச்சும் இருக்கின்றன, எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே போகாது. மேலே நின்று புழுதி பிடிக்கும், வெடிப்புக்குள்ளும் தையலுக்குள்ளும் இறங்கிச் சிக்கு மணக்கும், மாரியில் பூஞ்சணத்துக்கு உணவாகும். பிறகு நிறம் பூசினாலும் ஒட்டாது.

வெடிப்பு மேற்பூச்சில் மட்டும் என்றால் திருத்தலாம். தோலுக்குரிய கழுவியால் துடைத்து, ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் எண்ணெய்த்தன்மை நீக்கி, 400 இல் தொடங்கி 600 நம்பர் அரத்தாளால் வெடிப்பின் விளிம்பைத் தட்டையாக்குங்கள். வளையக்கூடிய தோல் பில்லரை (வெடிப்பை நிரப்பும் பசை) மெல்லிய படையாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது என்று பூச வேண்டும். ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் முதல் வளைவிலேயே வெடிக்கும். அதன்மேல் நிறம், கடைசியாகக் காப்புப்பூச்சு. தோலே கிழிந்திருந்தால் அந்தத் துண்டை மாற்றுவது மேல்.

விசுவமடு: தம்பிக்கு முள்ளந்தண்டில காயம், இடுப்புக்குக் கீழ உணர்வு இல்லை. சக்கர நாற்காலியில இருந்து காருக்கு மாறவேணும். எது சுகம்?

அக்கா, மாறுவதற்கு வழுக்கும் மேற்பரப்பு உதவும், நீண்ட நேரம் இருப்பதற்குத் துணி உதவும். ஆகவே துணி சீற்றைப் போட்டு, மாறும் நேரம் மட்டும் நாற்காலிக்கும் சீற்றுக்கும் நடுவில் பாலம்போல் வைக்கும் வழுக்குப் பலகை ஒன்றைப் பாவிப்பதே நல்லது என்பது என் எண்ணம். றெக்சினில் வியர்வை போக வழியில்லை, ஈரத்தோலில் அழுத்தப்புண் கெதியாக வரும்.

இன்னொன்றை மறக்கவே வேண்டாம். வெயிலில் நின்ற கறுப்பு றெக்சினோ லெதரோ, உணர்வில்லாத காலை அவர் அறியாமலே சுட்டுவிடும். பெல்ற்றின் இரும்புப் பூட்டும் அப்படித்தான். அவர் ஏறமுன் நீங்கள் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மருத்துவமனையில் தந்த மெத்தை இருந்தால் காரிலும் அதையே பாவிக்க முடியுமா என்று அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். அது உயரத்தைக் கூட்டும், எனவே சீற்றின் ஸ்பொஞ்சை அதற்கேற்பக் குறைத்துத் தைக்கலாம்.

மல்லாவி: மாரியில ரெண்டு கிழமை ஓடாம விட்டது, சீற் முழுக்க வெள்ளைப் பூஞ்சணம்.

கதவுகளைத் திறந்து வெயிலில் விட்டு, முகக்கவசம் போட்டு, காய்ந்தபின் வெளியே வைத்துத் தூரிகையால் தட்டுங்கள். துணிக்கு வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி தெளித்து, அரை மணித்தியாலம் விட்டு ஒற்றி எடுங்கள். தோலுக்கு மென்மையான சவர்க்காரம் தொட்ட ஈரத்துணி, உடனே காய்ந்த துணி. குளோரின் இரண்டுக்கும் கூடாது.

திரும்ப வந்தால் சீற்றில் பிழையில்லை, கீழே கார்பெற்றைத் தூக்கிப் பாருங்கள். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் புழுதியால் அடைபட்டு உள்ளே வடிவதுதான் பல கார்களில் காரணம்.

ஒட்டுசுட்டான்: துணி எத்தனை மீற்றர் வேணும்? ஸ்பொஞ்சும் மாத்தவேணுமோ?

54 அங்குல அகலத்தில் முன் சீற் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 மீற்றர், சிறிய காரின் பின் சீற்றுக்கு 3.5 முதல் 4. கோடு, பூ உள்ள துணி என்றால் பொருத்தம் பார்த்து வெட்ட இன்னும் ஒரு மீற்றர் சேருங்கள். கம்பனி ஸ்பொஞ்ச் அச்சில் வார்த்தது, அதைத் தூக்கி எறியாதீர்கள். தாழ்ந்த இடத்தை மட்டும் வெட்டி, அடர்த்தி 40க்குக் (கனமீற்றருக்கு 40 கிலோ) குறையாத ஸ்பொஞ்ச் ஒட்டி உருவம் சீவினால் போதும்.

முருங்கன்: வேலை முடிஞ்சு வாகனத்தை எடுக்கேக்க என்னத்தைப் பார்க்கிறது?

சீற்றை முன்னும் பின்னும் முழுத்தூரம் இழுத்துப் பாருங்கள், கீழே வயர் இறுகக்கூடாது. ஸ்ராற் செய்ததும் எயார்பாக் விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும். இருக்கையில் ஏறி இறங்கியபின் சுருக்கம் நின்றால், நீராவி காட்டித் துணியை இறுக்கச் சொல்லலாம். அப்படியும் போகாவிட்டால் அளவு பிழை, திருப்பித் தைக்க வேண்டும். உள்ளே துணியைக் கம்பியோடு சேர்த்துப் பூட்டும் இரும்பு வளையங்களுக்குப் பதில் பிளாஸ்ரிக் கட்டுப்பட்டி போட்டிருந்தால் மாற்றச் சொல்லுங்கள், சூட்டில் அறும். பின் சீற்றில் பெல்ற் பூட்டுகள் எல்லாம் வெளியே நிற்கின்றனவா, குழந்தை இருக்கை கொழுவும் இரும்பு வளையங்களை மூடித் தைத்துவிட்டார்களா என்றும் இடுக்குக்குள் கைவிட்டுப் பாருங்கள்.