டாஷ்போர்டு மேட் வழுக்குகிறதா?

வணக்கம். லோகோ போட்ட ஒட்டு மேட் ஒரே மாதத்தில் பிடிப்பு விட்டு, வளைவில் திரும்பும்போது சாவி, சில்லறையோடு சரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெரும்பாலும் தூசிதான் காரணம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு விரலால் தேய்த்துக் கழுவுங்கள். துணியால் துடைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும். நிழலில் தானாகக் காயட்டும்.

அப்புறம், டாஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்டீர்களா? எனக்கு அதுதான் வினையானது. அந்த வழவழப்பின் மேல் எந்த மேட்டும் நிற்காது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் டாஷ்போர்டை இரண்டு முறை துடைத்த பிறகே என்னுடையது பிடித்தது.

தயவுசெய்து ஏர்பேக் மூடி மேல் மட்டும் வைக்காதீர்கள். அது விரியும் வேகத்தில் மேலிருக்கும் சாவி முகத்தில் பாயும். வெயிலில் நிறுத்தும்போது மேட்டை எடுத்துவிடுங்கள், சூட்டில் இளகி அடியில் தடம் பதியலாம்.