அண்ணாவை ஒரு திரைக்கதை ஆசிரியராக மட்டும் எப்படி மதிப்பிடுவீர்கள்?

அரசியலை ஒதுக்கிவைத்து அண்ணாவை நாடக ஆசிரியராகவும் திரைக்கதை ஆசிரியராகவும் மட்டும் எடைபோட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரசியலை ஒதுக்க முடியாது. வசனத்தைச் சற்று ஒதுக்கிப் பார்க்கலாம் என்பதே என் கருத்து. அவருடைய அடுக்குமொழியைப் புகழ்வோரும் பழிப்போரும் அதிலேயே நின்றுவிடுவதால், கதையைக் கட்டுவதில் அவருக்கிருந்த தேர்ச்சி பேசப்படாமலே போகிறது.

பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணன் சிறையிலிருந்த காலத்தில், நடிகர் கே. ஆர். ராமசாமி அவர் பெயரில் கிருஷ்ணன் நாடக சபாவை நடத்தி வந்தார். அந்தச் சபாவுக்காக எழுதப்பட்டவைதாம் ‘ஓர் இரவு’, ‘வேலைக்காரி’ ஆகிய நாடகங்கள். மாநாட்டுப் பந்தலில் கொள்கை கேட்க வந்தவர்களைப் போலன்றி, சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பவர்களை அடுத்து என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்பில் கட்டிப்போட வேண்டியிருந்தது.

கல்லூரி நாள்களில் ‘வேலைக்காரி’யை நூலாக வாசித்த பிறகே, ஜூபிடர் நிறுவனத்துக்காக ஏ. எஸ். ஏ. சாமி இயக்கிய 1949ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தேன். எல்லோரும் நீதிமன்றக் காட்சியையும், ‘சட்டம் ஒரு இருட்டறை’ என்ற வரியையும் சொல்வார்கள். எனக்கு அதைவிடக் காளி கோயில் காட்சியே பெரிது. ஜமீன்தாரிடம் பட்ட கடனின் நெருக்கடியால் தூக்கிட்டுக்கொண்ட தந்தையின் உடலைக் கண்ட ஆனந்தன், அவரைப் பழிவாங்கக் காளியை நம்பி நிற்கிறான். அவள் கைவிட்டாள் என்று தோன்றியதும் அவளிடமே சீறுகிறான். அதற்கு முன் அவனுடைய பக்தியை நாம் பார்த்துவிட்டதால்தான், அந்தச் சீற்றம் மேடைப் பிரசங்கமாக இல்லாமல் ஒரு மகனின் துயரமாகக் கேட்கிறது.

‘கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு’ என்று நண்பன் மணி சொல்வதும் வெறும் பொன்மொழியன்று. கதை அங்கேதான் திசை திரும்புகிறது. இறந்துபோன பணக்காரன் பரமானந்தத்தின் பெயரில் நுழையும் ஆனந்தன், ஜமீன்தாரின் மகளையே மணந்து அவருடைய மானத்தைக் குலைக்கத் தொடங்குகிறான். இந்தப் பழிவாங்கலில் அலெக்சாண்டர் டூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ நாவலின் சாயல் உண்டு. ஆனால் ஊரார் முன் தலைகுனியும் மாமனாரின் அவமானத்தையே ஆயுதமாக்கியது, நம் குடும்பங்களை உள்ளிருந்து அறிந்தவருக்கே தோன்றக்கூடிய யோசனை. அதே ஆண்டு வந்த ‘நல்லதம்பி’யில் இந்த இறுக்கம் இல்லை, அதில் என்னைக் கவர்ந்தது என். எஸ். கிருஷ்ணனின் கிந்தனார் காலட்சேபம்தான்.

கட்டமைப்பில் அவருடைய சிறந்த படைப்பு ‘ஓர் இரவு’ என்பேன். திருட வந்தவனையே தன் காதலனாக நடிக்கச் சொல்லி, தன்னை மிரட்டி மணக்க நினைப்பவனை விரட்டுகிறாள் ஒரு பெண். அந்தத் திருடனோ அவளுடைய தந்தைக்கு வேறொருத்தியிடம் பிறந்த மகன். ஓர் இரவின் நெருக்கடிக்குள் ஒரு குடும்பத்தின் பழைய பாவம் முழுவதும் வெளிவந்துவிடுகிறது. 1951இல் ஏவி.எம். எடுத்த படத்தில் இந்த நெருக்கம் தளர்ந்துவிட்டதாக எனக்குப் படுகிறது. பாரதிதாசனின் ‘துன்பம் நேர்கையில்’ பாடலுக்காகவே அந்தப் படம் இன்றும் நினைக்கப்படுகிறது.

1949இல் தி.மு.க. தொடங்கிய பின் அவருடைய நேரம் கட்சிக்குப் போயிற்று. 1954இல் ‘சொர்க்கவாசல்’ வந்தது. 1956இல் அவருடைய ‘ரங்கோன் ராதா’ நாவல் படமானபோது திரைக்கதையை எழுதியவர் கருணாநிதி.