பூண்டுத் தோட்டத்துக்கு ஜிப்சியா, ஜீப்பா?

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறைத் தோட்டத்துப் பூண்டு மூட்டைகளை மண் பாதையில் ஏற்றிவர, குறைந்த விலையில் மாருதி ஜிப்சி வாங்கலாமா, பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாரம்தான் முதல் வேலை என்றால் ஜீப்பையே பாருங்கள். அதன் 2.1 லிட்டர் டீசல் எஞ்சின் குறைந்த வேகத்திலேயே நன்றாக இழுக்கும். 1.3 லிட்டர் பெட்ரோல் ஜிப்சி எடை குறைந்தது, சேற்றில் துள்ளி ஏறும். ஆனால் மூட்டைகளோடு ஏற்றத்தில் எஞ்சினை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எதுவானாலும் புது பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். மலை ஈரத்தில் துரு அடியில்தான் பிடிக்கும். ஸ்பிரிங் பட்டைகள் சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) மாட்டியிருக்கும் இடங்களைச் சுத்தியலால் தட்டுங்கள். மொத்தென்று சத்தம் வந்தால் அந்த வண்டியே வேண்டாம். பிறகு, ஈர மண் சரிவில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் லோ கியரில் ஏற்றிப் பாருங்கள். தார்ச் சாலையில் இதைச் செய்யாதீர்கள், முன் பின் அச்சுகள் மல்லுக்கட்டிப் பல்சக்கரங்கள் கெடும். முன்சக்கரங்கள் உண்மையிலேயே இழுக்கின்றனவா என்று வெளியே நின்று ஒருவர் கவனிக்கட்டும். முன்சக்கரங்களுக்கு விசை கடத்தும் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு விற்பவர்களும் உண்டு.

எஞ்சின், சேஸிஸ் எண்களை ஆர்.சி.யோடு நேரில் ஒப்பிடுங்கள். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் புதுப்பித்த பதிவைக் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள்.