பிஸ்கட் டின்னில் வெள்ளிக்காரன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அண்ணே. போன மாதம் அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே என் தம்பி சின்ன வயதில் சேர்த்த மார்வெல் காமிக்ஸ் வீரர்களின் கார்டுகள். தம்பி தவறி ஆறு வருடம் ஆகிறது. பின்பக்கம் 1990 என்று அச்சாகியிருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், சாதாரண கார்டு 155, பளபளவென்று மின்னும் கார்டு ஒன்று. எண்களின் பட்டியல் உள்ள கடைசிக் கார்டில் பென்சிலால் டிக் டிக்காகப் போட்டு வைத்திருக்கிறான். கூடவே கோடு போட்ட தாள் ஒன்று. அதில் ‘1 = 3’, ‘எம்எச்4 = 20’ என்று ஏதேதோ கணக்கு. என் மகன், “இதெல்லாம் ஆயிரக்கணக்கில போகும்மா, வித்துடலாம். அதுக்கு முன்னாடி பென்சில் கோட்டை அழிச்சிடுங்க” என்கிறான். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, ஹவ்காங்

பதில்: சகோதரி, அழிரப்பரைத் தூர வையுங்கள். அந்த டிக்குகள் அப்படியே இருக்கட்டும். காரணம் சொல்ல நான் கொஞ்சம் சுற்றி வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி சேர்த்தது இம்பெல் என்ற அமெரிக்க நிறுவனம் 1990-ல் வெளியிட்ட மார்வெல் யூனிவர்ஸ் முதல் வரிசை. சாதாரண கார்டு 162, மின்னும் ஹாலோகிராம் கார்டு 5, ஒரு பாக்கெட்டுக்கு 12 கார்டு. முதல் எண் கேப்டன் அமெரிக்கா. 161-ம் எண்ணை எடுத்துப் பாருங்கள், அது வீரரும் இல்லை, வில்லனும் இல்லை, கதைகளை எழுதிய ஸ்டான் லீ. 162 பட்டியல் கார்டு. பின்பக்கத்தில் ஒவ்வொருவருடைய உண்மைப் பெயர், உயரம், எடை, எத்தனை சண்டை, எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி, எத்தனை சமன், வெற்றி விழுக்காடு எல்லாம் இருக்கும். அமெரிக்கப் பிள்ளைகள் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் கார்டில் பார்த்துப் பழகிய கணக்கு இது. அதைப் பறக்கிறவனுக்கும் சுவரேறுகிறவனுக்கும் போட்டார்கள். 1991-ல் வந்த இரண்டாம் வரிசையில் வலிமை, வேகம், அறிவு என்று அளவுகோல் போட்டார்கள். எனக்கு முதல் வரிசைதான் உயர்வு. எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் அவன் தோற்ற கணக்கையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள். பதின்மூன்று வயதில் அது எனக்குப் பெரிய தைரியம்.

அந்த வயதில் நான் எங்கே இருந்தேன் என்றால், தோ பாயோவில் எங்கள் புளோக்கின் கீழே அப்பா நடத்திய ‘மாமா கடை’ எனும் மளிகைக் கடையில், அரிசி மூட்டைக்கும் ஐஸ்கிரீம் பெட்டிக்கும் நடுவில். கார்டு பாக்கெட்டுகள் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும். கடைக்காரர் மகன் என்பதால் சும்மா கிழித்துவிட முடியாது. சனிக்கிழமைக்கு ஒரு பாக்கெட் என்பது அப்பாவின் சட்டம். கடன் எழுதுகிற 555 நோட்டில் ‘மகன் கணக்கு’ என்று ஒரு பக்கம் இருந்தது. நான் எடுப்பதை நானே எழுத வேண்டும், பெருநாள் காசு வந்தால் நானே கழிக்க வேண்டும். அப்பா காலமான பிறகு அந்த நோட்டை நான் வைத்துக்கொண்டேன். போன வருடம் என் கார்டுகளை முப்பது வருடத்துக்குப் பிறகு பரணிலிருந்து இறக்கியபோது, நோட்டையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். 41 பாக்கெட், அதாவது 492 கார்டு. 162-ஐ நிரப்ப 492 தாராளம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

போதாது. எல்லா எண்ணும் சமமாகக் கலந்து வருகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், யாரிடமும் மாற்றாமல் ஒருவர் தனியாக வாங்கியே செட்டை முடிக்கச் சராசரியாக 900-க்கும் மேல் கார்டு வேண்டும், சுமார் 75 பாக்கெட். கடைசி ஏழெட்டு எண்கள் வரவே வராது, வந்ததே திரும்பத் திரும்ப வரும். கடைக்காரன் மகனுக்கே எட்டாத கணக்கு. ஆகையால் ஒரே வழிதான், மாற்றிக்கொள்வது. அந்தக் காலத்தில் பள்ளிகள் காலை, மதியம் என்று இரண்டு நேரமாக நடந்தன. காலை வகுப்பு முடிந்து வருகிறவனும் மதிய வகுப்புக்குப் போகிறவனும் புளோக்கின் கீழ்த்தளத்தில், செஸ் கட்டம் போட்ட கல்மேசையில் சந்திப்பார்கள். தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் எல்லாம் கலந்து பேரம் நடக்கும். பஸ் வந்துவிடும், பேரம் முடிந்திருக்காது.

இப்போது உங்கள் தம்பியின் தாளுக்கு வாருங்கள். அது அந்தக் கல்மேசையின் விலைப்பட்டியல். ‘1 = 3’ என்றால் கேப்டன் அமெரிக்காவைத் தந்தால் பதிலுக்கு மூன்று கார்டு. எம்எச் என்பது ஹாலோகிராம் வரிசை. எம்எச்4 வுல்வரின். அதற்கு இருபது கார்டு கேட்டிருக்கிறான். விலையைப் பார்த்தால், தர மனமில்லாமல் சொன்ன விலை போலத் தெரிகிறது. டின்னில் இருக்கும் அந்த மின்னும் கார்டின் எண்ணைப் பாருங்கள். எம்எச்4-ஆக இருந்தால், யாரும் இருபது தரவில்லை அல்லது தந்தும் அவன் கொடுக்கவில்லை என்று அர்த்தம். பட்டியல் கார்டில் டிக் விழாத ஏழு எண்களும் அவன் தேடிக்கொண்டிருந்தவை. அழித்துவிட்டால் இது எல்லாம் போய்விடும்.

மகனின் கேள்விக்கும் நேராகவே பதில் சொல்கிறேன். ஆயிரக்கணக்கில் போகாது. இந்த வரிசை ஏராளமாக அச்சானது, ஏராளமான பேர் பத்திரமாகவும் வைத்திருக்கிறார்கள். நல்ல விலை கிடைப்பது தொழில்முறைத் தரச்சோதனையில் 10-க்கு 10 வாங்குகிற சில கார்டுகளுக்குத்தான், அதுவும் முக்கியமான பாத்திரமாக இருந்தால். நான்கு மூலையும் கூராக இருக்க வேண்டும், படம் நடுவில் விழுந்திருக்க வேண்டும், மேற்பரப்பில் ஒரு கீறல் கூடாது. கையில் வைத்து விளையாடி, டின்னில் குலுங்கிய கார்டு அந்தத் தரத்துக்கு வராது. சோதனைக்கு அனுப்பும் செலவே கார்டின் விலையைத் தாண்டிவிடும். பென்சில் கோடு சந்தையில் விலையைக் குறைக்கும் என்பது உண்மைதான். குறையக்கூடிய தொகை உங்களுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அழித்தால் அட்டையின் மேற்பூச்சு தேய்ந்து அதுவும் குறையாகத் தெரியும்.

மகனை உட்கார வைத்து, இரண்டு பேருமாகக் கார்டுகளை எண் வரிசையில் அடுக்குங்கள். ரப்பர் பேண்டு போட்டிருந்தால் இன்றே கழற்றுங்கள். நாளாக ஆக அது ஓரத்தில் பள்ளம் போடும், உருகினால் கறையும் பிடிக்கும். மின்னும் கார்டை ஓரம் பிடித்துத் தூக்குங்கள், துணியால் துடைக்காதீர்கள். ஹாலோகிராமின் மேற்பரப்பு மிக எளிதில் கீறும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். என் அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கடையில் பிள்ளைகள் பாக்கெட்டைக் கிழித்ததும் எட்டிப் பார்த்து, எல்லாருக்கும் அவரே பெயர் வைத்துவிட்டார். ஹல்க் ‘பச்சையன்’, கோஸ்ட் ரைடர் ‘கொள்ளித்தலையன்’, டாக்டர் டூம் ‘இரும்பு மூஞ்சி’. சில்வர் சர்ஃபர் ‘வெள்ளிக்காரன்’. இங்கே டாலரையும் வெள்ளி என்றுதானே சொல்வோம், “இந்த வெள்ளிக்காரன் எத்தனை வெள்ளிடா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். போன வருடம் கார்டுகளை மடியில் வைத்ததும், இரும்பு மூஞ்சியை அம்மா உடனே அடையாளம் சொன்னார். சில நாள் என் பெயரே அவருக்கு நினைவில் இருப்பதில்லை. உங்கள் தம்பியும் யாருக்காவது இப்படிப் பெயர் வைத்திருப்பான். உங்களுக்கு ஞாபகம் வந்தால் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கேள்வி: 1992-ல் வந்த மார்வெல் மாஸ்டர்பீசஸ் முழு செட் வைத்திருக்கிறேன். அப்போதே ஆல்பத்தில் போட்டதுதான். இப்போது உறை பிசுபிசுக்கிறது, ஒரு மாதிரி வாடை வருகிறது. சில கார்டு உறையோடு ஒட்டிக்கொண்டது. தனியாக வைத்த இன்னொரு கட்டு செங்கல் மாதிரி இறுகிவிட்டது.
– ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அந்த செட்டை வைத்திருக்கிறீர்களே, கை கொடுங்கள். நூறு கார்டு கொண்ட அந்த செட்டுக்கு ஜோ ஜஸ்கோ என்ற ஒரே ஓவியர் தூரிகை பிடித்தார். இம்பெல் நிறுவனம் ஸ்கைபாக்ஸ் என்று பெயர் மாறிய காலம். வழக்கமான காமிக்ஸ் கோட்டுச் சித்திரத்தைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, தசையும் நிழலும் வியர்வையுமாக வந்த அந்த ஓவியங்கள் சினிமா பேனர் மாதிரி இருந்தன. காப்பாற்ற வேண்டிய செட்.

வாடை பிவிசி பிளாஸ்டிக்கின் வாடை. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற ரசாயனம் வருடக்கணக்கில் வெளியே கசிந்து கார்டின் மைமேல் படிகிறது. ஆல்பத்தை இந்த வாரமே மாற்றுங்கள். வாங்கும்போது பாலிபுரோப்பிலீன் என்று எழுதியிருக்கிறதா, அமிலமற்றதா என்று பாருங்கள். ஒன்பது அறை கொண்ட தாள் போதும். ஒட்டிய கார்டை உருவி இழுக்காதீர்கள். உறையின் மூன்று பக்கத்தையும் கூர்மையான கத்தரியால் வெட்டித் திறந்து, கார்டை மேசைமேல் தட்டையாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக்கை மட்டும் மெதுவாக உரியுங்கள். கார்டு வளையக் கூடாது, வளைய வேண்டியது பிளாஸ்டிக்தான்.

இறுகிய கட்டுக்குப் பொறுமைதான் வேண்டும். தண்ணீர் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளுடன் நான்கைந்து நாள் வையுங்கள். பிறகு கட்டை இரு கையால் பிடித்து, நீள வாட்டில் மிக லேசாக முன்னும் பின்னும் வளைத்துக் கொடுங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், நடுவில் பிளவு தெரியும். அங்கிருந்து பக்கவாட்டில் நகர்த்திப் பிரித்தெடுங்கள். மூலையில் நகத்தை விட்டால் மை பெயர்ந்து வெள்ளை தெரிந்துவிடும். என்னுடைய கட்டு ஒன்றில் நான்கு கார்டை அப்படி இழந்தேன், இன்றும் மனம் ஆறவில்லை.

எங்கே வைப்பது என்பதுதான் சிங்கப்பூரில் பெரிய விஷயம். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். மழை நாளில் நூறைத் தொடும். அட்டை ஈரத்தைக் குடித்து வீங்கும், ஏர்கானில் உலர்ந்து சுருங்கும், வளைந்துகொள்ளும். புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கும் இரும்புக் கதவுப் புகலிட அறையில்தான் பலர் பழைய பெட்டிகளை அடைக்கிறார்கள். காற்றோட்டம் குறைந்த அறை அது, வேண்டாம். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். கேமரா வைக்கும் ட்ரை கேபினட் இருந்தால் 40 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் இறுக்கமான டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லைப் போட்டு, மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். அலமாரியில் தொங்கவிட்டால் அடியில் தண்ணீர் சேருமே, அந்த ஈரம் உறிஞ்சும் டப்பாவைக் கார்டுப் பெட்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். சாய்ந்தால் உப்புநீர் கொட்டும்.

கேள்வி: விடுபட்ட எண்களை இப்போது எங்கே தேடுவது? பழைய பொருள் விற்கும் சுங்கை ரோடு சந்தையும் இல்லையே.
– ஒரு வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: 2017 ஜூலையில் அந்தச் சந்தையை மூடிய நாள் நானும் போயிருந்தேன், வெறுங்கையோடு வந்தேன். இப்போது இணையத்தில் பழைய பொருள் வாங்கி விற்கும் கரோசல்தான் நமக்குக் கல்மேசை. முழு செட்டைத் தேடாதீர்கள், உங்களுக்கு வேண்டிய எண்களைப் பட்டியலாக எழுதிப் போடுங்கள். இரட்டைக் கார்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர், கேட்க ஆளில்லாமல் வைத்திருக்கிறார்கள். திறக்காத பழைய பெட்டி என்று அதிக விலை சொன்னால், பாக்கெட்டின் ஓர ஒட்டு சீராக இருக்கிறதா, பசை மினுக்குகிறதா என்று நேரில் பார்க்காமல் காசு தராதீர்கள். பிரித்து நல்லதை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒற்றைக் கார்டென்றால் முன்பக்கம், பின்பக்கம் இரண்டுக்கும் படம் கேளுங்கள். ஹாலோகிராமைச் சாய்த்துப் பிடித்து எடுத்த படம் கேளுங்கள், நேராகப் பிடித்தால் கீறல் தெரியாது.

எனக்கு வேண்டியிருந்தது எம்எச்3, அம்மாவின் வெள்ளிக்காரன். போன மார்ச்சில் பீஷான் எம்ஆர்டி நிலையத்தில், டிக்கெட் தட்டும் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரர். ஏறக்குறைய என் வயதுதான். காசு வேண்டாம், 82-ம் எண் இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் மூன்று இருந்தன. மூன்றையும் கொடுத்துவிட்டு வந்தேன்.