தலைப்பைத் தின்றது யார்?

கேள்வி: என்னிடம் நாற்பது வேர்ட் கோப்புகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் மார்க்டவுனாக, அதாவது தலைப்பு, அழுத்தம் போன்றவற்றைச் சின்னக் குறிகளால் காட்டும் வெற்று உரைக் கோப்பாக, மாற்ற வேண்டும். சோதனைக்கு ஒன்றை மட்டும் டெர்மினலில் பேண்டாக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளைக் கொண்டு மாற்றிப் பார்த்தேன். நொடியில் முடிந்தது, ஆனால் தலைப்புகள் வெறும் தடித்த எழுத்தாக வந்திருக்கின்றன, படங்களைக் காணோம், வரிகள் நடுவில் ஒடிகின்றன. பேண்டாக்கில் கோளாறா?

பதில்: பாவம், அதன்மேல் பழி போடாதீர்கள். பேண்டாக் உங்கள் கோப்பைப் படித்து முதலில் ஒரு மரம் கட்டுகிறது: இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது அழுத்தம் கொடுத்த சொல் என்று. அப்புறம் அந்த மரத்தைப் பார்த்து, கேட்ட வடிவத்தில் புதிதாக எழுதித் தருகிறது. எழுத்தின் அளவு, நிறம், ஓர இடைவெளி எதற்கும் அந்த மரத்தில் கிளை கிடையாது. 2006இல் இதை உருவாக்கிய ஜான் மேக்ஃபார்லேன் பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர்; அதனாலோ என்னவோ இதற்குத் தோற்றத்தைவிடப் பொருள்தான் பெரிது.

இப்போது உங்கள் கோப்புக்கு வருவோம். தலைப்பைத் தேர்வு செய்து, தடிப்பாக்கி, அளவை 18 என்று வைத்திருப்பீர்கள், சரியா? கண்ணுக்கு அது தலைப்பு, வேர்டுக்கு அது கொஞ்சம் பெரிய பத்தி, அவ்வளவுதான். 'ஹெடிங் 1' என்ற ஸ்டைலைக் கொடுத்திருந்தால்தான் பேண்டாக்குக்கும் அது தலைப்பு. நாற்பது கோப்பையும் திறந்து ஸ்டைல் மாற்றுவது முறையான வழி. நானாக இருந்தால் அப்படியே மார்க்டவுனாக மாற்றிவிட்டு, முழு வரியும் இரட்டை நட்சத்திரக் குறிகளுக்குள் இருக்கும் இடங்களை மட்டும் 'செட்' (sed) என்ற தேடி மாற்றும் கட்டளையால் தேடி, முன்னால் மார்க்டவுனின் தலைப்புக் குறியான ஹேஷ் (#) போட்டு விடுவேன். ஒன்றிரண்டு தப்பாக மாறும், கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

படங்கள் தொலையவில்லை. டாக்ஸ் (docx) என்ற வேர்ட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், படங்கள் அதற்குள்ளேயே கிடக்கின்றன. 'எக்ஸ்ட்ராக்ட்-மீடியா' ஆப்ஷனோடு ஒரு ஃபோல்டர் பெயரையும் கொடுத்தால் வெளியே எடுத்து வைக்கும். வரி ஒடிவதற்குக் காரணம், பேண்டாக் தானாகவே 72 எழுத்துக்கு ஒருமுறை வரியை மடக்குவது; 'ரேப்' (wrap) ஆப்ஷனுக்கு 'நன்' (none) என்று கொடுங்கள். நாற்பது பெயரையும் ஒரே கட்டளையில் அடுக்கிவிடாதீர்கள், எல்லாவற்றையும் ஒட்டி ஒரே கோப்பாகத் தந்துவிடும். ஒரே கட்டளையைக் கோப்புக்குக் கோப்பு திரும்ப ஓட்டும் 'ஃபார்' (for) லூப் போட்டு ஒவ்வொன்றாக ஓட்டுங்கள்.

கேள்வி: தமிழ் மார்க்டவுன் கோப்பை பிடிஎஃப் ஆக்கினால் பிழைச் செய்தி வருகிறது. எஞ்சினை ஸீலாடெக் என்று மாற்றினேன். பிழை போய் வெற்றுப் பக்கம் வருகிறது!

பதில்: பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். பிடிஎஃப் வேலையைப் பேண்டாக் தானே செய்வதில்லை, லாடெக் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளிடம் தள்ளிவிடுகிறது. வழக்கமாகப் பேண்டாக் கூப்பிடும் பிடிஎஃப்லாடெக் என்ற லாடெக் வகைக்குத் தமிழ் எழுத்து பிடிபடாது. ஸீலாடெக் என்ற இன்னொரு வகைக்குப் பிடிபடும், ஆனால் அதன் இயல்பான ஃபாண்டில் தமிழ் எழுத்துகளே இல்லை, அதனால்தான் வெறுமை. 'மெயின்ஃபாண்ட்' என்ற மாறிக்கு நோட்டோ செரிஃப் தமிழ் போல உங்கள் கணினியில் இருக்கும் ஒரு யூனிகோடு ஃபாண்டின் பெயரைக் கொடுங்கள். பழைய பாமினி ஃபாண்டில் தட்டிய கோப்பு என்றால் கதை வேறு: பேண்டாக்குக்குத் தெரிவது தமிழே அல்ல, ஆங்கில எழுத்துக் குவியல். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

கேள்வி: பிடிஎஃப்பை வேர்டாக மாற்றப் பேண்டாக்கில் என்ன கட்டளை?

பதில்: கிடையாது. பிடிஎஃப்பை எழுதத்தான் வைக்கும், படிக்காது. எந்த எழுத்து தாளில் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பதுதான் பெரும்பாலான பிடிஎஃப்களில் இருக்கும்; எது தலைப்பு, எது பத்தி என்ற தகவல் இல்லாமல் மரம் கட்ட முடியாது. அந்த பிடிஎஃப்பை உருவாக்கிய மூலக் கோப்பு யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.